யவன மல்லரும் அவர்தம் ஆசான்மாரும்

போட்டியில் வென்ற வீரனை உலகம் போற்றும்; அவனைப் பயிற்றிய ஆசானை எளிதில் மறந்துவிடும். எந்நாட்டு வரலாற்றிலும் இஃது இயல்பே. ஆயினும் பண்டைக் கிரேக்க நாட்டின் ஒலிம்பியா என்னும் திருக்களத்திலே இவ்வியல்புக்கு மாறான சிலையொன்று நின்றது. அக்காய நாட்டு ஐகைரா நகரத்தைச் சேர்ந்த கிரத்தீனஸ் என்பான் சிறுவர்க்குரிய மற்போரில் அங்கு வாகை சூடினான். தன்னையொத்த இளைஞருள் அவன் அழகிற் சிறந்தவன். மற்கலையின் நுட்பத்திலும் மிக்கவன். வென்றவன் தன் சிலையை அக்களத்தில் நாட்டுதல் மரபு. கிரத்தீனசுக்கோ, தன்னைப் பயிற்றிய ஆசானின் உருவத்தையும் உடன் நிறுத்துவதற்கு விழாவை நடாத்திய எலிய மக்கள் இசைவளித்தனர். கி. பி. 2ஆம் நூற்றாண்டில் அந்நாட்டைச் சுற்றிப் பார்த்து நூலெழுதிய பௌசானியாஸ் என்பார் இச்செய்தியைக் குறித்துள்ளார். ஆனால் அவ்வாசானின் பெயரை அவர் கூறிற்றிலர்.

ஏதென்ஸ் நகரிலிருந்து எலியூசிஸ் செல்லும் பெருவழியின் வலப்புறத்திலே மற்றொரு நினைவுச் சின்னம் இருந்தது. அது கெரேனஸ் என்னும் மல்லனுடைய கல்லறை. அவனும் ஒலிம்பியாவில் வென்றவனே. அவனையும் ஓர் ஆசானே பயிற்றினான். அவ்வாசானின் பெயரும் எஞ்சவில்லை. மாணாக்கன் எழுப்பிய சிலையால் நினைக்கப்பெறும் ஆசான் ஒருவன். மாணாக்கனின் கல்லறையால் நினைக்கப்பெறும் ஆசான் மற்றொருவன். இவ்விருவரையும் பிரித்து நிறுத்துவது யாது என்னும் வினாவிற்கு யவனரின் மற்பயிற்சி வரலாறே விடை தருகின்றது.

ஒலிம்பிய விழாவிலே மற்போர் தனிப் போட்டியாகச் சேர்க்கப்பட்டது கி. மு. 708ஆம் ஆண்டிலாகும். அஃது 18ஆம் ஒலிம்பிய விழா. அன்று வென்றவன் ஸ்பார்த்த நாட்டு யூரிபாதஸ் என்பர். சிறுவர்க்கான மற்போர் கி. மு. 632இல் தொடங்கிற்று. எதிரியை மும்முறை நிலத்தில் வீழ்த்தியவனே வென்றவனாவான். இக்காலத்திற் போல எடைக்கேற்ற பிரிவுகள் அன்று இருந்தில. திருவுளச்சீட்டு எவரை எவரோடு இணைத்ததோ அவர் அவரோடு பொருதனர். சிறிய உடலினன் மலைபோன்றவனை எதிர்கொள்ள நேர்தலும் உண்டு. ஆதலின், தன் மாணாக்கனின் குறையையும் நிறையையும் ஓர்ந்து அவனை ஆயத்தஞ் செய்யும் ஆசானின் பொறுப்பு மிகப் பெரிதாயிற்று.

பலைஸ்திரா எனப்பட்ட மற்பயிற்சிக்கூடம் கிரேக்க நகரங்கள் யாண்டும் இருந்தது. உடலில் எண்ணெய் பூசி, அதன்மேற் புழுதி தூவிப் பயில்வர். பயிற்சி முடிந்தபின் அழுக்கையும் எண்ணெயையும் வளைந்த உலோகச் சுரண்டியால் வழித்தெடுப்பர். அங்குப் பணியாற்றிய ஆசிரியரைக் கிரேக்கர் இருவகையினராகப் பகுத்தனர். ஒருவகையினர் பிடிகளையும் எறிகளையும் கற்பிப்போர். மற்றையோர் உடலின் தன்மையறிந்து உணவு, உறக்கம், உழைப்பு என்பவற்றை வகுத்தளிப்போர். செயலைக் கற்பித்தல் வேறு, உடலின் நிலையைச் செம்மை செய்தல் வேறு என அரிஸ்டாட்டிலும் தம் அரசியல் நூலிற் பிரித்துரைத்தார். ஆயினும் சிறந்த மல்லாசான் இவ்விரண்டோடு மூன்றாவதொன்றையும் ஆளவேண்டியவனாயினான். அதுவே மனவுறுதியை ஊட்டுதல். நுட்பம், உடற்பயிற்சி, மனவுறுதி என்னும் இம்மூன்றையும் அவன் எவ்வாறு கையாண்டான் என்பதற்குப் பண்டை நூல்கள் தெளிவான சான்று பகர்கின்றன.

முதற்கண் நுட்பத்தை நோக்குவோம். எகிப்து நாட்டு ஒக்சிரிங்கஸ் என்னும் பழம்பதியின் குப்பை மேடுகளைக் கிரென்பெல், ஹண்ட் என்னும் ஆங்கில அறிஞர் இருவர் அகழ்ந்து பல்லாயிரம் தாள் துணுக்குகளை மீட்டனர். அவற்றுள் ஒன்று 1903ஆம் ஆண்டில் அச்சாகியது. கி. பி. 2ஆம் நூற்றாண்டைச் சார்ந்த அத்துணுக்கு, மற்பயிற்சிக் கையேடு ஒன்றின் சிதைந்த பகுதியாகும். அதிற் கதையுமில்லை, புகழுரையுமில்லை. ஆசான் இரு மாணாக்கரை எதிரெதிர் நிறுத்தி, முதலில் ஒருவனுக்கும் பின் மற்றவனுக்குமாக மாறி மாறி ஆணையிடும் குறுஞ்சொற்களே உள்ளன. ஒருவன் இன்ன கையாற் பற்றுக. மற்றவன் அப்பற்றை இன்னவாறு விடுவிக்க. பின்னர் இருவரும் பிணைந்து பொருக என்னும் முறையில் அவை செல்கின்றன. ஒவ்வொரு பிடிக்கும் அதன் மாற்றும் உடனே கற்பிக்கப்பட்டதை இதனால் அறிகின்றோம். தாக்கக் கற்பவன் தப்பவுங் கற்றான். இருவரும் ஒரே பாடத்தின் இரு பாதிகளாயினர். கழுத்தையும் கைகளையும் விலாவையும் பிடியினின்று விடுவித்து நிமிர்ந்து நின்று பொருதலே மற்போரிற் பயன்மிக்க பகுதியெனப் பிளேற்றோ தம் சட்டநூலில் உரைத்ததும் இங்கு நினைக்கத்தக்கது. அவரே இளமையில் ஆர்கொஸ் நகரத்து அரிஸ்தன் என்னும் மல்லாசானிடம் பயின்றவர் என்று பண்டையோர் எழுதிவைத்துள்ளனர்.

நுட்பமின்றியும் சிலர் வென்றனர். சிசிலித் தீவின் மெசேனே நகரத்து லியொன்திஸ்கஸ் கி. மு. 456இலும் 452இலும் ஒலிம்பியாவில் வாகை சூடினான். எதிரியைத் தூக்கியெறிய அறியாதவன் அவன். எதிரியின் விரல்களை வளைத்து வருத்தியே வென்றான் என்று பௌசானியாஸ் கூறுகின்றார். நல்லாசான் இத்தகைய வெற்றியில் மகிழ்ந்திலன். கிப்பொமாக்கஸ் என்னும் பயிற்றுநர் பற்றி ஏலியன் என்பார் எழுதிய செய்தி இதனை விளக்கும். அவருடைய மாணாக்கன் ஒருவன் பொருதபோது சூழநின்ற கூட்டம் முழுவதும் ஆரவாரித்தது. ஆசானோ தம் கையிலிருந்த கோலால் அவனை அடித்தார். அவன் கலைமுறைப்படி செய்திருப்பின் அதன் அருமை அறியாத கூட்டம் ஆரவாரித்திராது என்பது அவர் கருத்து. இவரே, தம்மிடம் பயின்றவன் கடைத்தெருவில் இறைச்சி வாங்கிச் செல்வதைத் தொலைவிற் கண்டாலும் அவன் தம் மாணாக்கன் என்று கண்டுகொள்வதாகக் கூறுவாராம். கற்ற கலை போட்டிக்களத்தோடு ஒழிவதன்று. நிற்றலிலும் நடத்தலிலும் அது தோன்றவேண்டும் என்னும் கொள்கை இதிற் புலனாகின்றது.

இனி உடற்பயிற்சி. குரோற்றோன் நகரத்து மிலோனை அறியாதார் இலர். கி. மு. 6ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அவன், சிறுவர் போட்டியில் ஒருமுறையும் பெரியோர் போட்டியில் ஐந்து முறையுமாக ஒலிம்பியாவில் ஆறு வெற்றி பெற்றான். இளங்கன்றொன்றை நாடோறும் சுமந்து வந்தமையின், அது வளர்ந்து காளையான போதும் சுமக்க வல்லவனாயினான் என்னும் கதை அவன்மேல் வழங்குகின்றது. கதையேயாயினும், சுமையைச் சிறுகச் சிறுகக் கூட்டுதல் என்னும் பயிற்சி நெறி அதனுட் பொதிந்துள்ளது. அத்தகைய மிலோனும் தன் நகரத்து இளைஞனாகிய திமாசிதியசை வீழ்த்த இயலாதவனானான். அவ்விளைஞன் மிலோனின் பிடிக்குள் அகப்படாது எட்டவே நின்று பொருதான். வலிமைக்கும் ஓரெல்லையுண்டென்பது அன்று தெரிந்தது.

ஒலிம்பியாவிற்கு வரும் வீரர், பத்துத் திங்கள் முறைப்படி பயின்றதாகத் தெய்வத்தின்முன் சூளுரைத்தல் வேண்டும். விழாவில் வஞ்சனை எதுவும் செய்யோம் என்று வீரரோடு அவர்தம் தந்தையரும், உடன்பிறந்தாரும், பயிற்றுநரும் ஆணையிட்டனர். மாணாக்கனின் ஒழுக்கத்திற்கு ஆசானும் பிணை என்பதே இதன் கருத்து. பயிற்சியின் நுணுக்கங்களை விரிவாகக் கூறும் நூல் பிலொஸ்திராற்றஸ் என்பார் கி. பி. 3ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இயற்றிய உடற்பயிற்சி நூலாகும். நெடுங்காலம் மறைந்திருந்த அந்நூல் 19ஆம் நூற்றாண்டிலேயே மீண்டும் அறிஞர் கைக்கு எட்டிற்று. பயிற்சிக் களத்துப் புழுதியைக்கூட அவர் வகைப்படுத்துகின்றார். சுட்ட ஓட்டின் தூள் வியர்வையை வெளிப்படுத்தும். நிலக்கீலின் தூள் குளிர்ந்த உடலைச் சூடேற்றும் என்பன அவர் கூற்றுகள். வீரரின் உடலமைப்பைச் சிங்கம், கழுகு, கரடி முதலியவற்றோடு ஒப்பிட்டுப் பாகுபடுத்துகின்றார். ஒருவனின் இயல்பை அவன் கண்களிற் படித்தறியும் ஆற்றல் பயிற்றுநனுக்கு இருத்தல் வேண்டும் என்கின்றார். எல்லார்க்கும் ஒரே பயிற்சி பொருந்தாது. முதலில் ஆளை நோக்குக, பின்னர்ப் பயிற்சியை வகுக்க என்பது அந்நூலின் உயிர்நாடியாகும்.

மூன்றாவது மனவுறுதி. மற்போரும் குத்துச்சண்டையும் கலந்த பன்கிராத்தியம் என்னும் கடும்போட்டி கிரேக்கரிடையே இருந்தது. அப்போட்டியில் வல்லவனாகிய மன்றொகெனஸ் என்னும் இளைஞன் தன் உறுதிக்குத் தன் பயிற்றுநனே காரணம் என்றான். தந்தையை இழந்த அவ்விளைஞனின் தாய்க்கு ஆசான் ஒரு மடல் விடுத்தான். மகன் இறந்தான் என்று கேட்டால் நம்புக. தோற்றான் என்று கேட்டால் நம்பற்க என்பது அதன் பொருள். தாயின் நம்பிக்கை பொய்யாதபடி காத்தலே மகனுக்கு உறுதியாயிற்று. குத்துச்சண்டை வீரன் கிளௌக்கசின் கதை வேறொருவகையது. அவன் உழவன் மகன். கழன்ற கொழுவைக் கையாலேயே அடித்துக் கலப்பையிற் பொருத்தியவன். ஒலிம்பியாவில் அவன் தளர்ந்த வேளையிலே, கலப்பையில் அடித்த அந்த அடியை அடிக்குமாறு பயிற்றுநன் குரல் கொடுத்தான். அச்சொல்லால் உரம்பெற்று அவன் வென்றான். அங்குக் குரல் கொடுத்தவன் அவனுடைய தந்தையே எனப் பௌசானியாஸ் கூறுவர். எவரே ஆயினும், கலப்பையைச் சுட்டிய சொல் அவ்வுழவன் மகனுக்கன்றி வேறெவர்க்கும் பயன்பட்டிராது. தாய்க்கு எழுதிய மடலும் அத்தகையதே. நல்லாசான் ஊக்கவுரையையும் ஆளறிந்தே சொன்னான்.

ஆயினும் மனவுறுதி ஊட்டுதலில் ஓர் இடரும் உண்டு. கி. மு. 564இல் அர்ரிக்கியோன் என்னும் வீரன் பன்கிராத்தியத்திற் கழுத்து நெரிபட்டுத் தோல்வியை ஒப்புக்கொள்ள இருந்தான். ஒலிம்பியாவில் தோலாது மாய்தல் எத்துணை அழகிய நடுகல்லாகும் என்று அவன் பயிற்றுநன் எரிக்சியாஸ் கூவினான். அர்ரிக்கியோன் எதிரியின் காலை முறித்தான். எதிரி தோல்வியை ஒப்புக்கொண்ட அதே வேளையில் அவன் உயிர் பிரிந்தது. பிணத்திற்கே முடி சூட்டப்பட்டது. இதனினுங் கொடியது மற்றொரு செய்தி. வெற்றிக்காக இறுதிவரை முயலாத தன் வீரனை ஒரு பயிற்றுநன் ஒலிம்பியாவிலேயே கூரிய சுரண்டியாற் கொன்றான் என்பர். பிலொஸ்திராற்றஸ் இச்செயலைக் கண்டித்திலர். முயலாத வீரர்க்கெதிரே சுரண்டி வாளாகுக என்றே கருதினார். இத்துணைக் கடுமையை ஒப்புக்கொண்டவரே ஒரு பயிற்றுநனை மன்னிக்க மறுத்தார் என்பதுதான் நோக்கத்தக்கது. அப்பயிற்றுநன் கெரேனசின் ஆசானே.

உரோமப் பேரரசின் காலத்திற் பயிற்சிக்கூடங்களிலே நான்கு நாள் முறை என்றொரு திட்டம் வழங்கிற்று. முதல் நாள் குறுகியதும் விரைவானதுமான பயிற்சியால் வீரனைத் தூண்டி ஆயத்தப்படுத்துதல்; இரண்டாம் நாள் அவன் ஆற்றல் முழுவதையும் சோதிக்கும் கடும் உழைப்பு; மூன்றாம் நாள் தளர்த்தி ஓய்வளித்தல்; நான்காம் நாள் எதிரியின் பிடியினின்று தப்புதலும், தப்புபவனை விடாது பற்றுதலும் ஆகிய நுட்பங்களை நடுத்தர வேகத்திற் பயிலுதல். நான்கு நாள் முடிந்தபின் மீண்டும் முதலிலிருந்து தொடங்குவர். கடும் உழைப்பையும் ஓய்வையும் மாற்றி மாற்றி வகுத்தல் இக்காலப் பயிற்றுநரும் கைக்கொள்ளும் நெறியே. ஆதலின் திட்டம் அறிவுக்கொவ்வாததன்று. அதனைக் கையாண்ட முறையிலேதான் பிழை நேர்ந்தது.

கெரேனஸ் எகிப்து நாட்டு நௌக்ராத்திஸ் நகரத்து மல்லன். ஒலிம்பியாவில் வென்ற சில நாட்களில் நண்பர்க்கு விருந்தளித்தான். பழகாத உணவை உண்டான், மது அருந்தினான், உறக்கத்தையும் இழந்தான். மறுநாட் பயிற்சிக்கூடத்திற்கு வந்தபோது தன் உடல் செம்மையாக இல்லையென்றும், உண்டது செரிக்கவில்லையென்றும் ஆசானிடம் மறைக்காது கூறினான். ஆசானோ சினந்தான். நான்கு நாள் வரிசை குலைந்ததே என்பதுதான் அவன் கவலை. அன்று வரிசைப்படி எந்தப் பயிற்சி உரியதோ அதனையே செய்யுமாறு வற்புறுத்தினான். அப்பயிற்சியிலேயே கெரேனஸ் உயிர் துறந்தான்.

மாணாக்கன் வாய்திறவாதிருப்பினும் அவன் நிலையைக் கண்டறிதல் பயிற்றுநனின் கடன் என்பது பிலொஸ்திராற்றசின் துணிபு. மிகையாக உண்டவன், மது மயக்கம் தீராதவன், உறக்கமிழந்தவன், அச்சத்தாற் கலங்கியவன் ஆகிய ஒவ்வொருவர்க்கும் உரிய அடையாளங்களையும் அவரவர்க்கேற்ற மென்பயிற்சிகளையும் அவர் தனித்தனியே கூறியுள்ளார். கெரேனசோ வாய்திறந்தே கூறினான். கண்ணாற் காணவேண்டியதைக் காதாலுங் கேட்டபின்னர், ஆசான் திட்டத்தையே நோக்கினான். முயலாதவனைத் தண்டிப்பது வேறு. இயலாதவனை வருத்துவது வேறு. இவ்விரண்டையும் பிரித்தறியாமையே அப்பயிற்றுநன் செய்த குற்றம்.

அறிவிலாப் பயிற்றுநர் அக்காலத்தில் ஒருவர் இருவரல்லர் என்பதற்குப் புகழ்பெற்ற மருத்துவராகிய கலென் சான்று. வாட்போர் வீரர்க்குப் பெர்கமம் நகரில் மருத்துவஞ் செய்தவர் அவர். தாமே மற்பயிற்சியில் தோள் பெயரப்பெற்றவர். போட்டியில் விளங்காத வீரர் சிலர் நேற்றுவரை உணவு திணிக்கப்பெற்றிருந்து இன்று தாமே ஆசான்மாராய்த் தோன்றிவிடுகின்றனர் என்று அவர் கடிந்தார். இதற்கு நேர்மாறானவர் கி. மு. 5ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஏதென்ஸ் நகரத்து மெலேசியாஸ். ஐகினாத் தீவின் சிறுவனாகிய அல்கிமேதன் கி. மு. 460இல் ஒலிம்பிய மற்போரில் வென்றபோது, அது மெலேசியாசின் மாணாக்கர் பெற்ற முப்பதாவது வெற்றி என்று பிந்தார் என்னும் பெரும்புலவர் பாடினார். மெலேசியாஸ் தாமும் களத்திற் பொருது வென்றவர். கற்பிக்கும் தொழில் அதனை முன்பே கற்றறிந்தார்க்கே எளிதென்பதனையும் புலவர் அப்பாடலிற் குறிப்பிட்டுள்ளார்.

ஆயினும் தாம் பொருதமையொன்றே ஒருவரை ஆசானாக்கிவிடாது. முப்பது வெற்றியும் மெலேசியாஸ் என்னும் ஒருவர் ஓருடலாற் பெற்றவையல்ல. வெவ்வேறு இயல்பும் அளவும் கொண்ட சிறுவர்களும் இளைஞர்களும் பெற்றவை. ஒருவனுக்குப் பொருந்திய பிடி மற்றவனுக்குப் பொருந்தியிராது; ஒருவனை எழுப்பிய சொல் மற்றவனைச் சாய்த்திருக்கும். கையேட்டிலுள்ள பிடிகள் எல்லார்க்கும் பொது. நான்கு நாள் முறையும் எல்லார்க்கும் பொது. இன்று தன்முன் நிற்கும் இம்மாணாக்கன் எந்நிலையில் உள்ளான் என்பது மட்டும் எக்கையேட்டிலும் எழுதப்பட்டிலது. அதனை நாடோறும் புதிதாகப் படித்தறியும் கண்ணே ஆசானின் கலையாகும். நுட்பமும் பயிற்சியும் மனவுறுதியும் அக்கண்ணின் வழிப்பட்டுச் செல்லும்போது மாணாக்கனை வளர்த்தன. அக்கண் மூடியபோது அவையே அவனை வீழ்த்தின.

திட்டம் வகுத்தல் அறிவுடையார் செயல். அதனை ஒருநாள் நிறுத்திவைத்தலும் அவ்வறிவின் பாற்பட்டதே. கெரேனசின் ஆசான் அன்று ஒரு நாள் மட்டும் வரிசையை விட்டிருந்தால் அவன் மாணாக்கன் பிழைத்திருப்பான். ஒலிம்பியாவிற் சிலையாய் நின்ற ஆசானின் பெயரை உலகம் அறியாது. ஆயினும் அவனுடைய மாணாக்கன் தன் வெற்றி நாளில் அவனை நினைந்தான். எலியூசிஸ் பெருவழியிற் சென்றோர் கண்ட கல்லறைக்கு உரியவனின் ஆசானையும் உலகம் பெயரால் அறியாது. அவனை நினைதற்கு மாணாக்கனே இருந்திலன்.